சாய்ந்து நிற்கும் மணிக்கோபுரம்

கோயம்புத்தூர்ப் பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் நெட்டுக்குத்தாக நிற்பதைக் கண்டு பழகிய நம் கண்ணுக்கு, இத்தாலியின் பீசா நகரத்துச் சாய்ந்த மணிக்கோபுரம், படத்திலே பார்க்கும்போதுகூட, எந்தக் கணமும் விழுந்துவிடுமோ என்ற பதைப்பையே உண்டாக்குகிறது.

கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர், சில அடி தோண்டியதும் பாறை தட்டுப்பட்டால் நிம்மதியாகக் கடைக்கால் போடுவார். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசலிலோ, மழைக்கு உப்பிக் கோடையில் விரல் நுழையுமளவு வெடிக்கும் அந்த மண்ணைப் பறித்துக் கிராவல் கொட்டி இறுக்கிய பிறகே சுவர் எழுப்புவார். பீசாவின் சிற்பிகளோ, 1173-ஆம் ஆண்டில், நீர் செறிந்த வண்டலும் களியுமான பூமியில், சுமார் 3 மீட்டர் ஆழமே உள்ள அஸ்திவாரத்தின்மேல் பளிங்குக் கோபுரத்தைத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் நிலை எழும்பும்போதே அது சாயத் தலைப்பட்டது.

களிமண்ணின் சுபாவம் விசித்திரமானது. பாரம் ஏறியவுடன் அது கெட்டிப்படுவதில்லை. அதன் நுண்துளைகளில் தங்கிய நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேற வெளியேறத்தான் இறுகி வலுப்பெறும். யுத்தங்களின் காரணமாக ஏறக்குறைய நூறாண்டு வேலை நின்றுபோயிற்றே, அந்த அவகாசத்தில்தான் மண் இறுகியது. இடைவிடாமல் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே கவிழ்ந்திருக்கும் என்பது நிபுணர் துணிபு. 1272-இல் மீண்டும் தொடங்கியவர்கள், புதைந்த பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டிச் சமன்செய்ய முயன்றபடியால், கோபுரமே வாழைப்பழம்போல் லேசாக வளைந்துவிட்டது. மணிமண்டபம் அமைந்து வேலை முடிய 1370 வரை ஆயிற்று.

ஏறத்தாழ 56 மீட்டர் உயரமும் 14,500 டன் எடையும் கொண்ட இது, 1990-இல் ஐந்தரை பாகை தெற்கே சாய்ந்திருந்தது. அபாயம் கருதி மக்களை உள்ளே விடுவதை நிறுத்தினார்கள். பிறகு கண்ட வழியை நம் வண்டிக்காரர் உடனே புரிந்துகொள்வார்: சகடம் ஒருபுறம் பள்ளத்தில் இறங்கிவிட்டால், மேட்டுச் சக்கரத்தின் அடியிலுள்ள மண்ணைப் பறித்தாலும் வண்டி நேராகுமல்லவா? அப்படியே, உயர்ந்திருந்த வடபுறத்து அடிமண்ணில் சாய்வாகக் குழாய்களைச் செலுத்தி, சிறிது சிறிதாக, மிகுந்த பொறுமையோடு மண்ணைத் துருவி எடுத்தார்கள். கோபுரத்தின் உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது. மணிமண்டபத்தில் ஏழு மணிகள் தொங்குகின்றன. கனத்த மணியை ஊசலாட்டி அடித்தால் அதன் உந்துதல் பக்கவாட்டில் சுவரைத் தாக்கும்; சாய்ந்த கோபுரத்துக்கு அது ஆகாது.

வேலை முடிந்த பின்னும், யாரும் கை வைக்காமலே, கோபுரம் மேலும் சில சென்டிமீட்டர் நிமிர்ந்திருக்கிறது. களிமண் இன்னும் தன் வேகத்தில் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது.