கொடியடுப்பும் வாயுச் சுழலியும்

நாட்டுப்புறத்து வீடுகளில் மண்ணால் அமைந்த பழைய அடுப்பினை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். காணாதோர் தம் பாட்டிமாரைக் கேட்டறிக. விறகு எரியும் பேரடுப்பின் பக்கத்தே, தனக்கென விறகிடும் வாய் இல்லாத சிற்றடுப்பு ஒன்று இருக்கும். பேரடுப்பில் எழும் அனல் ஓர் உள்வழியே சென்று அதனையும் சூடாக்கும். அதற்குக் கொடியடுப்பு என்று பெயர். பேரடுப்பில் உலை கொதிக்கும்போதே கொடியடுப்பில் குழம்போ வெந்நீரோ காயும். கொடியடுப்பின்மேல் பானை இல்லாதிருக்கக் கண்டால் என் அன்னையார் மனம் பொறார். இன்று பெருந்தொழிற்சாலைகளில் பொறியியலறிஞர் செய்துவரும் ஒரு காரியத்தை விளக்க, இவ்வடுப்பினும் நல்ல துணை எனக்குத் தோன்றவில்லை.

ஒரே எரிபொருளைக் கொண்டு மின்னாற்றலையும் வெப்பத்தையும் சேர்த்துப் பெறுவதே அக்காரியம். அங்கே பேரடுப்பாக விளங்குவது வாயுச் சுழலி என்னும் பொறி. அதன் முன்புறத்தில் உள்ள அமுக்கி, வெளிக்காற்றை இழுத்துச் செறிவாக அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று எரியறையை அடைந்ததும் அதனுள் எரிபொருள் பாய்ச்சப்பட்டு எரிகிறது. சூடேறிய வாயு பெருவேகத்துடன் விரிந்து, சுழலியின் அலகுகள்மேல் மோதி அதனைச் சுழற்றுகிறது. அச்சுழற்சி மின்னாக்கியை இயக்குகிறது. ஆகாய விமானங்களின் ஜெட் எஞ்சினும் இப்பொறிக்கு உடன்பிறப்பே. பெயரில் உள்ள ‘வாயு’ என்னும் சொல் எரிபொருளைக் குறிப்பதன்று. சுழலியைச் சுழற்றும் சூடான வாயுவையே குறிக்கும். எண்ணெயை எரித்தாலும் அது வாயுச் சுழலியே.

இப்பொறி மின்னாற்றல் தரும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த ஊர் சுவிட்சர்லாந்து நாட்டின் நூஷாத்தெல். பிரௌன் போவரி நிறுவனத்தார் அவ்வூருக்கென ஒரு வாயுச் சுழலியைக் கட்டினர். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதனைச் சோதித்து அளந்தவர், சுழலிக் கலையில் பேராசானாகிய அவுரேல் ஸ்டோடோலா. அப்போது அவருக்கு வயது 80. சோதனையின் முடிவு கேட்போரை வியக்கச் செய்யும். சுழலி ஈட்டிய ஆற்றல் 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை அதன் அமுக்கியே உண்டுவிட்டது! மின்னாக்கிக்கு எஞ்சியது 4,000 கிலோவாட். எரித்த எண்ணெயின் ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கே மின்னாற்றலாயிற்று. ஆயினும் அவசர காலத்திற்கென அமைந்த அப்பொறி 2002-ஆம் ஆண்டு வரை தன் பணியைச் செய்தது.

அதன்பின் இக்கலை பெரிதும் வளர்ந்தது. எனினும், தொழிற்சாலைகளில் அமையும் நடுத்தரச் சுழலிகளில் இன்றும் நூற்றுக்கு 30 பங்கு முதல் 35 பங்கு வரையே மின்னாற்றலாக மாறுகின்றது. மற்றையதில் பெரும்பகுதி எங்கே போகின்றது? புகைபோக்கியின் வழியே வெளியேறுகின்றது. அவ்வாறு வெளியேறும் வாயுவின் வெப்பமோ சுமார் 500 பாகை சென்டிகிரேடு! இதனை வானில் விடுவது, கொடியடுப்பில் பானை ஏற்றாமல் அனலை வீணே விடுவது போன்றதன்றோ?

ஆகவே, அவ்வாயு செல்லும் வழியில் ஒரு கொதிகலத்தை அமைக்கின்றனர். வாயு அதன் குழாய்களைத் தழுவிச் செல்ல, உள்ளிருக்கும் நீர் ஆவியாகின்றது. நீராவி மிகுதியாக வேண்டப்படும்போது வேறொரு வழியும் உண்டு. சுழலியை விட்டு வரும் வாயுவில் எரிதலுக்கு உதவும் பிராணவாயு இன்னும் நூற்றுக்கு 15 பங்கு அளவில் எஞ்சியிருக்கும். அதிலேயே மேலும் சிறிது எரிபொருளைப் பாய்ச்சி எரித்து வெப்பத்தைக் கூட்டலாம்.

இம்முறைக்கு மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்று காகித ஆலை. உருளைகளுக்கிடையே அழுத்திப் பிழியப்பட்ட பின்னரும் ஈரக் காகிதத்தில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். நீராவியால் சூடேற்றப்பட்ட பல இரும்பு உருளைகளைச் சுற்றி வந்தால்தான் அது உலரும். அதற்கு மிகுந்த வெப்பநிலை தேவையில்லை. 150 பாகை அளவுள்ள நீராவி போதும். உருளைகளைச் சுழற்றவோ மின்னாற்றல் வேண்டும். இரண்டும் இரவு பகலாக வேண்டும்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? சிறிது கணக்கிடுவோம். 100 பங்கு எரிபொருளிலிருந்து 30 பங்கு மின்னாற்றலும் 45 பங்கு நீராவி வெப்பமும் கிடைப்பதாகக் கொள்க. இவற்றைத் தனித்தனியே பெற்றால் என்னாகும்? நூற்றுக்கு 40 பங்கு பயன்தரும் மின்நிலையத்தில் அந்த மின்னாற்றலைப் பெற 75 பங்கு எரிபொருள் வேண்டும். நூற்றுக்கு 90 பங்கு பயன்தரும் கொதிகலத்தில் அவ்வெப்பத்தைப் பெற 50 பங்கு வேண்டும். ஆக 125. சேர்த்துப் பெறுவதால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால், நூற்றுக்கு 50 பங்கு பயன்தரும் புதுவகை மின்நிலையத்தோடு ஒப்பிட்டால் 60-உம் 50-உமாக 110 ஆகும். மிச்சம் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதைக் கேளாமல் இலாபத்தை நம்பலாகாது. எரிவது இயற்கை வாயுவாயின், எத்துணைச் சிக்கனமாக எரித்தாலும் கரியமில வாயு வானில் சேர்வதும் உண்மையே.

பகலில் மட்டும் நீராவி வேண்டும் ஆலையிலும், ஆண்டில் சில திங்களே வெப்பம் வேண்டும் ஆலையிலும் இம்முறை அத்துணைச் சிறப்பதில்லை. காகிதப் பொறி நின்றுவிட்டால் நீராவியைக் கொள்வார் இல்லை. அப்போது சுழலி மீண்டும் நூற்றுக்கு 30 பங்கு மட்டுமே பயன்தரும் பொறியாகிவிடும். ஆதலின், தேர்ந்த பொறியியலறிஞர் ஆலையின் மின்தேவைக்கு முன்னே நீராவித் தேவையையே அளந்து, அதற்கேற்பச் சுழலியின் அளவை முடிவு செய்கின்றனர். மிகுந்துபோன மின்னாற்றலைக் கம்பி வழியே நெடுந்தொலைவு அனுப்பி விற்கலாம். மிகுந்த நீராவியை அவ்வாறு அனுப்ப இயலாது. குழாயில் செல்லச் செல்ல அது ஆறி நீராகிவிடும்.