குடிக்காத நாளில் வரும் பயம்

கிராமமொன்றில் தாய்மார் கூட்டம் முடிந்து நாம் புறப்பட ஆயத்தமானபோது, ஒரு தாய் மட்டும் போகாமல் நின்றார். ஏனையோர் படலையைக் கடந்த பிறகே வாய் திறந்தார்.

"என்ர மகனுக்குப் பத்தொன்பது வயது, ஐயா. குடிச்சால் பேசாமல் படுத்திருக்கிறான். குடிக்காத நாளிலதான் கை நடுங்குது, நித்திரை இல்லை, ஆராவது கூப்பிட்டாலே திடுக்கிடுறான். அப்ப, குடிக்கிறதுதானே அவனுக்கு மருந்து?"

இக்கேள்வியை வெளியில் கேட்கக் கூசும் வீடுகள் எம்மிடையே பல உள்ளன. ஆகவே அத்தாய்க்கு நாம் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகின்றோம்.

மூளைக்குள் ஒரு தராசு

எமது மூளையில் நரம்புக்கலங்களை அமைதிப்படுத்தும் இரசாயனமும் உண்டு. அவற்றைத் தூண்டிவிடும் இரசாயனமும் உண்டு. முன்னையதன் பெயர் காபா, பின்னையதன் பெயர் குளுட்டமேட். இவ்விரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகளைப் போலச் சமநிலையில் இருக்கும்போது மனம் நிதானமாக இருக்கின்றது.

சாராயமோ கள்ளோ கசிப்போ, எதிலும் இருப்பது மதுசாரமே. அது அமைதித் தட்டில் பாரத்தை ஏற்றுகின்றது. தூண்டும் தட்டை மேலெழச் செய்கின்றது. பயம் தணிந்தது போலத் தோன்றுவது இதனால்தான். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் குடிப்பவரின் மூளை, சமநிலையை மீட்பதற்காகத் தூண்டும் தட்டில் தானும் பாரத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. ஒருநாள் குடி நின்றதும் அமைதித் தட்டு வெறுமையாகின்றது. மூளை சேர்த்த பாரமோ அப்படியே இருக்கின்றது. நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, காரணமற்ற பதகளிப்பு எல்லாம் அப்போது வருகின்றன.

மீண்டும் குடித்தால் அவை தணியும் என்பது உண்மையே. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குபவருக்கும் அன்றிரவு நித்திரை வரத்தான் செய்யும். கடன் குறைவதில்லை.

கட்டிளமைப் பருவத்தில் ஏன் கூடுதல் ஆபத்து?

பயத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி மூளையில் முந்தி முதிர்கின்றது. அதை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கின்றது. கட்டி முடியாத வீட்டின் மீது வெள்ளம் பாய்வதைப் போன்றதே இவ்வயதுக் குடி.

2015 ஆம் ஆண்டில் சிக்காகோவிலுள்ள இல்லினோய் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளம் எலிகளுக்கு இரண்டு நாள் மதுசாரம் ஏற்றி, இரண்டு நாள் இடைவெளி விட்டு, இரு வாரங்கள் இவ்வாறு செய்தனர். பின்னர் மதுசாரம் கொடுக்கப்படவில்லை. அவ்வெலிகள் வளர்ந்த பின்னும் கூடுதலாகப் பயந்தன. கூடுதலாகக் குடிக்கவும் செய்தன. அமிக்டலாவில் மரபணுக்கள் இயங்கும் விதமே மாறியிருந்தது. எலி மனிதன் அல்ல. எனினும் "இளந்தாரி வயதுதானே, பிறகு திருந்திவிடுவான்" என்று வாளாவிருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டியவை

நாள்தோறும் அதிகமாகக் குடித்த ஒருவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்துச் சில மணித்தியாலங்களில் நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பும் வரலாம். இல்லாதவற்றைக் காண்பதாகக் கூறினாலோ, காய்ச்சலுடன் மனம் குழம்பினாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதைப் பேயென்றோ செய்வினையென்றோ எண்ணி நேரத்தைக் கடத்தலாகாது. இந்நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்துகள் உள்ளன; ஆனால் அவற்றை வைத்தியரே கொடுக்க வேண்டும்.

உடல் நடுக்கம் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தணியும். நித்திரைக் குழப்பமும் பதகளிப்பும் சில வாரங்கள் நீடிக்கலாம். இதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவைப்பது நல்லது. சொல்லாவிட்டால், "நிறுத்தியும் பயம் போகவில்லையே" என்று அவன் மறுபடி தவறணைக்கே போவான். பல வாரங்களின் பின்னும் பயம் மாறாவிட்டால், குடிக்கு முன்பே அது இருந்திருக்கக் கூடும். போரில் கண்டதோ, பரீட்சைத் தோல்வியோ, வேலையின்மையோ, எதுவாயினும் அதைக் கேட்க ஒருவர் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

மேலும், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுபானம் விற்பது குற்றமாகும். தகப்பனுக்குப் போத்தல் வாங்க மகனை அனுப்பும் வழக்கத்தை நாம் எமது வீடுகளிலிருந்தே நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்ட அத்தாய் இறுதியில் ஒன்றுதான் கேட்டார்: "அப்ப இது அவன்ர குணமில்லையோ?"

"இல்லை அம்மா, இது வருத்தம்" என்றோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்தார்.