நத்தை வேகமும் நாலு கால் பாய்ச்சலும்

சுங்கை பட்டாணியில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் இலக்கணத்தைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். மரபுத்தொடர் என்றால்தான் முகம் சுருங்கும். 'ஸ்நேய்ல்ஸ் பேஸ்' என்பதைப் பத்து முறை எழுதி மனனம் செய்வார்கள். 'நத்தை வேகம்' என்று தமிழில் அவர்களே சொல்வதுதான் அது என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

நத்தையின் வேகம் எவ்வளவு? இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் நத்தைகளுக்கு ஓட்டப்பந்தயமே நடக்கிறது. 1995இல் ஆர்ச்சி என்ற நத்தை 33 சென்டிமீட்டரை 2 நிமிடத்தில் கடந்தது. மணிக்குப் பத்து மீட்டர்தான். அதுவே சாதனை!

ஆங்கிலேயர் குதிரையில் போய் வந்தவர்கள். அவர்களுடைய வேகச் சொற்களில் பாதி லாயத்திலிருந்து வந்தவை. 'கேலப்' என்பது நம் நாலு கால் பாய்ச்சல். 'கென்டர்' என்பது மெல்லோட்டம். 1170இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைக் காண கென்டர்பரி நகருக்கு யாத்திரிகர்கள் குதிரையில் போன நடையே அந்தப் பெயரைப் பெற்றது. 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்' என்றால் குதிரைகளை இழுத்துப் பிடி, அதாவது பொறு என்று பொருள். நாமோ அதைச் சோற்றுப் பானையருகே நின்று சொன்னோம்: ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?

ஒரே பிராணியை இரண்டு மொழிகள் வேறு வேறாகப் பார்ப்பதும் உண்டு. தலைதெறிக்க ஓடுகிறவனை நரகத்திலிருந்து பறந்து வரும் வௌவால் என்கிறது ஆங்கிலம். நம் கண்ணில் பட்டது வௌவால் தொங்குவதுதான். அதன் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு!

அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் கேட்டால் இன்னொன்று கிடைக்கும். பம்பரமாய்ச் சுழன்று வேலை செய்பவரை அவர்கள் 'லிப்பாஸ் கூடோங்' என்பார்கள். கால் ஒடிந்த கரப்பான் பூச்சி! அவர்களின் சாங் கஞ்சில் கதையில் சருகுமானை ஓட்டத்தில் வெல்வது நத்தை. ஓடையின் ஒவ்வொரு வளைவிலும் தன் இனத்தாரை நிறுத்திவைத்து, கூப்பிடும்போதெல்லாம் குரல் கொடுக்கச் செய்துவிடுகிறது. ஈசாப்பின் ஆமை விடாமுயற்சியால் வென்றது. இது சொந்தபந்தத்தால் வென்றது. நம்மவர் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார்கள்.

பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிராணிகளெல்லாம் கண்ணெதிரே நடமாடின. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வழியிலேயே நத்தையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். இன்று அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு ஆமையும் தெரியாது, சிட்டும் தெரியாது. தமிழ் மரபுத்தொடரும் ஆங்கில மரபுத்தொடரும் ஒன்றுபோல வெறும் மனனப் பாடமாகிவிட்டன. எனக்குக் கவலை தருவது இதுதான்.

அன்ன நடை நடக்கப் போய்க் காகத்துக்குத் தன் நடையும் கெட்டதாம் என்பார்கள். ஆங்கிலம் படித்தால் தமிழ் கெடும் என்பதற்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. வகுப்பில் நான் காண்பது வேறு. தன் நடை உறுதியாக உள்ள பிள்ளைதான் பிறர் நடையையும் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

பெற்றோரே, தாத்தா பாட்டியைப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். வேகத்துக்கும் மெதுவுக்கும் அவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் எழுதட்டும். ஒரு தாளில் மூன்று மொழி, மனனமே வேண்டாம்.