ஒன்றரை மடங்கின் தொல்லை

புது 27 அங்குல 4கே மானிட்டரை லினக்ஸ் கணினியில் செருகி, எந்த அமைப்பையும் தொடாமல் 100 சதவீத அளவிலேயே ஓடவிட்டால், முதலில் கை தேடுவது மூக்குக்கண்ணாடியைத்தான். படங்கள் பளிச்சென்று இருக்கும். மெனுவின் எழுத்துகளோ எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். சாளரத்தை மூடும் பொத்தானை மவுஸால் குறிபார்த்து அடிக்கவேண்டியிருக்கும்.

மானிட்டரில் பழுதில்லை. கணக்குதான் மாறிவிட்டது. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் இருக்கும். 27 அங்குல 4கே திரையில் அதே அங்குலத்துக்குள் 163 பிக்சல்கள். 32 பிக்சல் அகலத்தில் வரையப்பட்ட ஒரு பொத்தான் முதல் திரையில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இருக்கும், இரண்டாவதில் 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 13.3 அங்குல 4கே லேப்டாப் என்றால் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

பிக்சலை எண்ணி வரையும் பழக்கம் பழையது. 1984இல் வந்த ஆப்பிளின் மேக்கின்டோஷ், அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கணக்கு வைத்துக்கொண்டது. விண்டோஸ் 96 என்றது. லினக்ஸ் திரைகளின் அடித்தளமாகப் பல்லாண்டு இருந்த எக்ஸ் 11, அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாகி 1987இல் வெளியானது. லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் நாளடைவில் 96 என்பதே வழக்கமாகிவிட்டது. திரைகள் அந்த அளவை ஒட்டியே வந்தவரை, நிரலாளர்கள் பொத்தானையும் ஐகானையும் பிக்சல் கணக்கில் எழுதியதில் எந்தத் தொல்லையும் இல்லை. 2001இலேயே ஐபிஎம் 3840க்கு 2400 பிக்சல் கொண்ட மானிட்டரைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஆய்வகங்களுக்கும் மருத்துவப் படங்களுக்கும் உரிய பொருளாகவே நின்றுவிட்டது.

சந்தையைப் புரட்டிப்போட்டது 2012. அந்த ஆண்டு ஜூனில் ஆப்பிள், அங்குலத்துக்கு 220 பிக்சல் கொண்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவை விற்கத் தொடங்கியது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், லேப்டாப்கள் 1366க்கு 768 என்ற அளவிலேயே தேங்கிக் கிடப்பதைச் சாடி, 2560க்கு 1600 என்பதையே பொது அளவாக்க வேண்டும் என்று அதே ஆண்டு எழுதினார். 2013இல் கூகுளின் குரோம்புக் பிக்சல் வந்தபோது அதன் திரையை வாயாரப் பாராட்டினார். திரை வந்துவிட்டது. அதற்கேற்ற மென்பொருள்தான் வரவேண்டியிருந்தது.

முதல் தீர்வு 2013 செப்டம்பரில், லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான குனோமின் 3.10 பதிப்பில் வந்தது: எல்லாவற்றையும் சரியாக இரண்டு மடங்காக வரைவது. ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு. கோடு கோடாகவே இருக்கும், எழுத்து கூர்மையாக நிற்கும். ஆனால் இரண்டு மடங்கு என்பது எல்லாத் திரைக்கும் பொருந்தாது. 27 அங்குல 4கே மானிட்டரில் ஒரு மடங்கு என்றால் எறும்பு, இரண்டு மடங்கு என்றால் யானை. கண்ணுக்கு இதமானது ஒன்றரை மடங்கு. சில லேப்டாப்களுக்கு ஒன்றேகால்.

இந்தக் காலும் அரையும்தான் பத்தாண்டுத் தலைவலி. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோட்டை ஒன்றரை மடங்காக்கினால் ஒன்றரை பிக்சல் வேண்டும், திரையில் அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது. கோட்டைத் தடிமனாக்கலாம், மெலிதாக்கலாம், இல்லையேல் விளிம்பைச் சாம்பல் நிறத்தில் கரைக்கலாம். எதைச் செய்தாலும் எங்கோ ஓரிடத்தில் பிசிறு தட்டும். எழுத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்வது அன்று பலரும் பிடித்த குறுக்குவழி. எழுத்து வளர்ந்தது, பக்கத்தில் இருந்த ஐகான் குள்ளமாகவே நின்றது.

2019 மார்ச்சில் குனோம் 3.32 ஓர் உபாயத்தைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. ஒன்றரை மடங்கு கேட்டால், இரண்டு மடங்காக வரைந்துவிட்டுப் பின்னர் முக்காலாகச் சுருக்குவது. 4கே திரையில் காட்ட வேண்டியவை ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். இந்த முறையில் கணினி 5120க்கு 2880 அளவில், அதாவது 1 கோடியே 47 லட்சம் பிக்சல்களை வரைந்து, பிறகு சுருக்கியது. பெரிய சட்டை தைத்துப் பிறகு பிடித்துத் தைக்கிற கதை. கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலை கூடியது, எழுத்தின் கூர்மையும் சற்று மழுங்கியது.

எக்ஸ் 11க்கு என்றே ஒரு தனிக் குறையும் உண்டு. இணைத்திருக்கும் எல்லா மானிட்டர்களையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பாகவே அது பார்க்கிறது. கூர்மையான லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மானிட்டரை வைத்தால், ஒன்றில் சரியாகத் தெரியும் சாளரம் மற்றதில் பூதாகாரமாகத் தெரியும்.

இதைச் சரிசெய்ய வழி திறந்தது வேலண்ட். கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய இந்த மாற்று அமைப்பில், ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி அளவு சொல்லலாம். அதிலும் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண்களுக்கே இடம் இருந்தது. 2022 நவம்பரில்தான் பின்னங்களுக்கான நெறிமுறை சேர்ந்தது. அதன் கணக்கு அழகானது: அளவை 120இல் ஒரு பங்காகப் பிரித்துச் சொல்வது. ஒன்றேகால் என்றால் 150, ஒன்றரை என்றால் 180, ஒன்றேமுக்கால் என்றால் 210. 120ஐ 2, 3, 4, 5, 6, 8 என எதனாலும் மீதியின்றி வகுக்கலாம் என்பதால் புழக்கத்தில் உள்ள பின்னங்கள் எல்லாம் முழு எண்ணாகவே வந்து விழுகின்றன. கணினி இந்த எண்ணைச் சொல்ல, செயலி அந்த அளவிலேயே நேராக வரைகிறது. பெரிதாக வரைந்து சுருக்கும் வேலை மிச்சம்.

இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 2023 பிப்ரவரியில் தன் 5.27 பதிப்பில் இதை ஏற்றது. குனோம் செயலிகளின் அடித்தளமான ஜிடிகே, 2024 மார்ச்சில் 4.14 பதிப்பில் பின்ன அளவுக்கேற்ப வரையும் புதிய முறையைத் தந்தது. மிச்சம் இருப்பவை பழைய செயலிகள். வேலண்டைப் புரிந்துகொள்ளாத அவை எக்ஸ்வேலண்ட் என்ற மொழிபெயர்ப்பாளர் வழியாக ஓடுகின்றன. சிறிதாக வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது ஈரக் காகிதத்தில் எழுதிய மை போல எழுத்து கசிகிறது. இழுக்கும் பொறுப்பைச் செயலியிடமே விட்டுவிடும் வசதியை பிளாஸ்மா 2022லும், சோதனை முறையில் குனோம் 2024லும் கொடுத்தன.

இவ்வளவுக்கும் பிறகு கேபிளும் காலை வாரலாம். 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப ஏறத்தாழ 12 ஜிகாபிட் வேகம் தேவை. பழைய எச்டிஎம்ஐ 1.4க்கு அந்தத் திராணி இல்லை, 30 முறையோடு நின்றுவிடும், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். 2013இல் வந்த முதல் தலைமுறை 4கே மானிட்டர்கள் சில, படத்தை நெடுக்கே இரண்டாக வெட்டி அனுப்பச் சொல்லின. அவற்றை லினக்ஸ் இரண்டு மானிட்டர்களாக எண்ணிக்கொண்டது. பின்னர் வந்த முட்டுக்கட்டை வேறு வகை. இன்னும் வேகமான எச்டிஎம்ஐ 2.1ஐ ஏஎம்டியின் திறமூல லினக்ஸ் டிரைவரில் சேர்க்கும் முயற்சிக்கு, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் செய்தி வந்தது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை, உரிமத்தில் இருந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இத்தனை பாட்டுக்கும் பலன் உண்டா? தமிழ் படிப்பவர்களுக்கு நிச்சயம் உண்டு. ணி, ஞு, ழ போன்ற சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகளைப் பழைய திரையின் சில பிக்சல்களுக்குள் அடைத்தால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். அங்குலத்துக்கு 160 பிக்சலைத் தாண்டும்போது அவை அச்சுப் புத்தகத்தில் போலப் பிரிந்து நிற்கின்றன.

வாங்கப்போகிறவர்கள் இரண்டு கணக்குகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. பின்னமே வேண்டாம் என்றால் 24 அங்குல 4கே, அல்லது விலை கூடினாலும் 27 அங்குல 5கே. இரண்டிலும் சரியாக இரண்டு மடங்கு போட்டால் போதும். 27 அங்குல 4கேதான் வேண்டும் என்றால், வேலண்டில் ஓடும் அண்மைய குனோம் அல்லது பிளாஸ்மாவைப் போட்டு 150 சதவீதம் வைத்துக்கொள்ளலாம். ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் துளை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.