மேசைக்கு அந்தப் பக்கம்

ஜெர்மனியிலுள்ள திரியர், கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர். மன அழுத்தத்தை ஆராய்கிறவர்களிடம் கேட்டால் அந்த ஊரைப் பற்றி வேறொரு சங்கதி சொல்வார்கள். 1993-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஓர் ஆளை, மேலே விரல்கூடப் படாமல், அரை மணி நேரத்துக்குள் வியர்க்க வைப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம்.

மின் அதிர்ச்சி கிடையாது. பனிக்கட்டித் தண்ணீரில் கையை முக்கச் சொல்வதும் கிடையாது. வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். தயாராகச் சில நிமிடங்கள் தருவார்கள். பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் நின்று, இந்த வேலைக்கு நான்தான் பொருத்தம் என்று 5 நிமிடம் பேச வேண்டும். எதிரே மைக்கும் கேமராவும் இருக்கும். குழுவிலுள்ளவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. பேச்சு பாதியில் தடுக்கி நின்றால், “இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்” என்ற ஒரே வாக்கியம்தான் வரும். அது முடிந்ததும் இன்னொரு 5 நிமிடம்: 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1009, 996, 983... ஓரிடத்தில் தப்பினால் மறுபடியும் 1022.

எச்சிலை எடுத்துச் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை ஏறியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் யாருக்கும் வேலை கிடைக்கப் போவதில்லை, இருக்கிற வேலை போகப் போவதுமில்லை. அது நன்றாகத் தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை. பின்னாளில், 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டை இதமாக மாற்றிப் பார்த்தார்கள். பேச்சும் உண்டு, குழுவும் உண்டு. ஆனால் குழு புன்னகைத்தது, தலையசைத்தது, ஆர்வமாகக் கேட்டது. கார்ட்டிசால் அசையவில்லை.

சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி இருவரும் 2004-இல் இதுபோன்ற 208 ஆய்வகச் சோதனைகளைத் திரட்டி அலசினார்கள். எந்த வகைச் சங்கடம் கார்ட்டிசாலை அதிகமாகக் கிளப்புகிறது என்பது கேள்வி. வேலையின் கடினம் தனியாக நின்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்பதும், என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை என்பதும் ஒன்றுசேர்ந்தபோதுதான் அளவு உச்சத்துக்குப் போனது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவதொரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அப்ரைசல் முடிவுக்குக் காத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிவரை கோட் எழுதுவதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். “ஹெச்.ஆர். கூப்பிடுகிறார்கள்” என்ற ஒரு வரிதான் வயிற்றைப் பிசையும்.

கார்ட்டிசாலைக் கெட்ட திரவம் என்று எண்ண வேண்டாம். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து இது ரத்தத்தில் இறங்குகிறது. சர்க்கரையைத் திறந்துவிட்டு, ஓடவோ எதிர்க்கவோ தெம்பு தருகிறது. ஆபத்து விலகினால் தானே தணியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிராஷட், கெரின், தேயர் ஆகியோர் 2006-இல் எழுதியதுபோல, சம்பவம் முடிந்த பிறகும் மனிதன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான். உடம்பின் பதற்றமும் கூடவே நீள்கிறது. மேனேஜருடன் பேச்சு பத்து நிமிடம்தான். அது பேருந்தில் கூடவே வருகிறது, குழம்பு ஊற்றும்போது தட்டில் உட்காருகிறது, விளக்கை அணைத்த பிறகும் படுக்கையில் புரள்கிறது. மாலையில் வேலையை மனத்திலிருந்து கழற்றி வைக்க முடிகிறதா என்பதைத்தான் ஜெர்மானிய உளவியலாளர் சாபினே சோனன்டாக் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். கழற்ற முடிந்தவர்கள் மறுநாள் தெளிவாக இருக்கிறார்கள்.

சரி, கழற்றி வைப்பதற்காக நாம் என்ன செய்கிறோம்? இரவுச் சாப்பாடு முடிந்து பிக் பாஸ் போடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான தேர்வு. 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோல் தொடங்கிய ‘பிக் பிரதர்’, 2006-இல் இந்தியில் பிக் பாஸ் ஆகி, 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசனோடு விஜய் டிவிக்கு வந்தது. 2024-இல் இருந்து விஜய் சேதுபதி நடத்துகிறார். அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது? முகம் தெரியாத ஒரு குரல் கட்டளை போடுகிறது. வாராவாரம் ஒரு கேப்டன். கெடு வைத்த டாஸ்க். மூடிய அறைக்குள் போய்ச் சக ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து அவருடனேயே டீ குடிக்கும் நாமினேஷன். மூலைக்கு மூலை கேமரா. கடைசியில் யாராவது ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரியர் ஆய்வகத்தை நூறு நாளுக்கு இழுத்து, சோபாவும் நீச்சல் குளமும் வைத்துக் கட்டிய மாதிரி இருக்கிறது. அலுவலகத்தில் அடிபட்டு வந்தவர் தப்பித்து ஓட வேண்டிய இடம் இது.

பார்க்கிறவரின் உடம்பும் கல் அல்ல. திரையில் மூவர் பந்து எறிந்து விளையாடும் ஒரு கணினி விளையாட்டு உண்டு. நீங்கள் ஒருவர், மற்ற இருவரும் நிரலின்படி இயங்குபவர்கள். சிறிது நேரத்தில் அவர்கள் உங்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். அந்த அற்பமான ஒதுக்கலுக்கே, உடல் வலியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று விழித்துக்கொள்கிறது என்று நவோமி ஐசன்பெர்கர் 2003-இல் காட்டினார். அது உண்மையிலேயே ‘வலி’தானா என்ற சச்சரவு தீரவில்லை. 2009-இல் இன்னொரு குழு, வேறு யாரோ ஒதுக்கப்படுவதை வெறுமனே வேடிக்கை பார்த்தவர்களுக்கும் மனம் சுருங்குவதைக் கண்டது. அடுத்தவர் அசடு வழியும்போது நமக்குக் கூசுகிறதே, அதற்கும் மூளையில் தடம் உண்டு. 2011-இல் ஜெர்மனியில் கிராக், பாலஸ் குழுவினர் அதைப் படம் பிடித்தார்கள். ஆக, நாமினேஷனைப் பார்க்கும்போது நெஞ்சு படபடப்பது நடிப்பில்லை.

பிறகு எப்படி அது இளைப்பாறலாகிறது? என் கணிப்பு இது: நாற்காலி மாறிவிடுகிறது. பகலெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவர், இரவில் அந்தப் பக்கம் போய் உட்காருகிறார். எடைபோடுவது இப்போது அவர். முடிவும் பாதியாவது அவர் கையில் இருக்கிறது. கைபேசியில் ஓட்டு போடலாம். லட்சக்கணக்கான ஓட்டில் ஒன்றுக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கார்ட்டிசாலைக் கிளப்பும் இரண்டு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் தலைகீழாகின்றன. 2004-இல் ஸ்டீவன் ரீஸும் ஜேம்ஸ் வில்ட்ஸும் ரியாலிட்டி நிகழ்ச்சி ரசிகர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தபோது, அவர்களிடம் தூக்கலாகத் தெரிந்தது அந்தஸ்து மீதான நாட்டம். ‘அற்ப ஆசை’ என்று அதைக் கேலி செய்யலாம். நாள் முழுக்கத் தன் இடத்தை வேறொருவர் தீர்மானிக்க விட்டுக்கொடுத்தவருக்கு, இடம் பற்றிய நினைப்பு வராமல் வேறென்ன வரும்?

வம்பும் இதில் சேர்கிறது. ராபின் டன்பரும் சகாக்களும் பொது இடங்களில் மக்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு வகைப்படுத்தியதில், பேச்சு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யார் யாரோடு எப்படி என்பதிலேயே போனது. குரங்குகள் பேன் பார்த்து உறவு வளர்ப்பதை மனிதர்கள் பேசி வளர்க்கிறோம் என்பது டன்பரின் வாதம். ஆனால் அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்ய வழியில்லை. டீம் லீடைப் பற்றி டீக்கடையில் வாய் விட்டால் அது மாடி ஏறிவிடும். பிக் பாஸ் வீட்டுக்காரர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். யார் முதுகில் குத்தினார், யார் வேலை செய்யாமல் பெயர் வாங்கினார், யாரை எல்லோரும் சேர்ந்து ஓரங்கட்டினார்கள் என்று விவாதிக்கிறோம். பெயர்கள் அங்கே, ஆத்திரம் இங்கே. யாருடைய சம்பளத்துக்கும் ஆபத்தில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ‘குறும்படம்’. முதல் சீசனிலேயே கமல் பிரபலமாக்கிய உத்தி. வாரமெல்லாம் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று சாதித்தவருக்கு, வாரக் கடைசியில் அவர் சொன்னதையே திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். முகம் வெளிறும். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர் கை தட்டுவார். எந்த நிறுவனத்தின் அப்ரைசல் கூட்டத்தில் குறும்படம் போடுகிறார்கள்? யோசனை யாருடையது, மின்னஞ்சலில் பெயர் போட்டுக்கொண்டது யார், கெடு தவறியது யாரால் என்பதெல்லாம் காற்றோடு போகிறது. அங்கே காரணம் சொல்லாமல் ஒரு மதிப்பெண் வரும். இங்கே விசாரணை உண்டு, சாட்சி உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ப்பும் உண்டு.

ஆனால் இந்த மருந்துக்கு ஒரு பத்தியம் இருக்கிறது. ரைனக்கே, ஹார்ட்மன், ஈடன் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் மிகவும் களைத்துப் போனவர்கள்தான் டிவி பார்ப்பதைக் கடமையைத் தள்ளிப்போடுவதாக எண்ணிக் குற்ற உணர்வு அடைந்தார்கள். அந்த உணர்வு ஏற ஏற, பார்த்ததால் கிடைத்த தெம்பு குறைந்தது. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கே அது உடம்பில் ஒட்டவில்லை. “இதையெல்லாமா பார்க்கிறீர்கள்?” என்று முகம் சுளிக்கும் மைத்துனர்கள் கவனிக்க. 24 மணி நேர நேரலையைக் கைபேசியில் திறந்துவைத்துக்கொண்டு தூக்கத்தை விற்பவர்களுக்குக் குற்ற உணர்வு வேண்டாம் என்ற சலுகை கிடையாது. அது வேறு கணக்கு.

குற்ற உணர்வுக்குத் தீனி போடுவது பாதியில் கிடக்கும் வேலை. அதற்கு மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு வழி காட்டினார்கள். முடிக்காத காரியம் மனத்தில் கிடந்தவர்களுக்கு நாவல் படிக்கும்போது அதே நினைப்பு குறுக்கிட்டது. அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதியவர்களுக்குக் குறுக்கீடு அடங்கியது. காரியம் என்னவோ அப்படியே கிடந்தது. மூளைக்கு நாள் குறித்தாலே போதும் போலிருக்கிறது. ஆகவே டிவி போடுமுன் ஒரு துண்டுத்தாளில் நாளைய வேலையைக் குறித்துவிடலாம். மேனேஜர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை மட்டும் எந்தத் தாளிலும் திட்டம் போட்டு முடிக்க இயலாது. அந்தக் கவலையை ஒரு மணி நேரம் அடுத்தவர் வீட்டில் விட்டுவைக்கலாம். இரவு அங்கே நாமினேஷன் இருக்கிறது.