மாத்திரைக்கு முன் ரத்தம்

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டக் கிராமங்களில் காய்ச்சல் வந்தவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. அடுத்து, மருத்துவப் பட்டம் இல்லாத ஊர் ஆர்.எம்.பி. வைத்தியரிடம் ஓர் ஆன்டிபயாடிக் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். காய்ச்சல் இரண்டு நாளில் விடும், சில வாரத்தில் திரும்பி வரும். அப்போது வைடால் சோதனை செய்து, டைபாய்டு என்று எழுதி, வேறொரு ஆன்டிபயாடிக் தருவார்கள். பெரும்பாலானோருக்கு இதனால் பெரிய கேடு நேர்வதில்லை. ஆனால் சிறு வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ பொருத்திக்கொண்டவர்கள், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குக் கணக்கே வேறு. அந்த முதல் ஊசி அவர்களுடைய நோயைத் தீர்ப்பதில்லை. நோய்க்குக் காரணமான கிருமியின் தடயத்தை மட்டும் துடைத்துவிடுகிறது. இவர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். இதை அவர்கள் வாய்விட்டுக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ரத்தத்தில் கலந்த பாக்டீரியா பழுதான வால்வில் ஒட்டிக்கொண்டு கட்டியாக வளர்வதை எண்டோகார்டைட்டிஸ் என்கிறார்கள். கட்டியிலிருந்து உதிரும் துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம், சிறுநீரகத்துக்குப் போனால் அங்கே சேதம். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுவோரிலும் 15 முதல் 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள். வாயிலும் தோலிலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகளே பெரும்பாலும் காரணம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் நரம்பில் ஏற்றுவது என்று முடிவு செய்ய முடியும். அதற்காகத்தான் வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் கல்ச்சர் வெறுமையாகத் திரும்ப இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்று, முன்பே போட்ட ஆன்டிபயாடிக். மற்றொன்று, சாதாரணக் கல்ச்சரில் எளிதில் வளராத அபூர்வக் கிருமி. இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்துகொண்டால் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அபூர்வம் என்பது எந்த ஊரைப் பொறுத்து என்றும் கேட்க வேண்டும். பால்மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ஊர்களில் இரண்டு கிருமிகளை அப்படி ஒதுக்கிவிட முடியாது. மாடு சினையைக் கலைத்துக் கன்று வீசக் காரணமான புருசெல்லா ஒன்று. க்யூ காய்ச்சல் தரும் காக்ஸியெல்லா மற்றொன்று. மாடு ஈனும்போது இளங்கொடி விழவில்லை என்றால் வீட்டுக்காரர் வெறுங்கையை விட்டு இழுப்பதும், விழுந்ததை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் இந்தப் பக்கத்தில் பார்க்கக்கூடியவை. காக்ஸியெல்லா கோடிக்கணக்கில் குடியிருப்பது அந்த இளங்கொடியில்தான். உலர்ந்த தூசியோடு மூச்சில் ஏறினாலும் அது தொற்றும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து காற்றில் பரவி 4,000 பேருக்கும் மேல் பாதித்தது இந்தக் கிருமிதான். புருசெல்லா, காய்ச்சாத பால் வழியாகவும் வரும். அதனால் வரும் நோயில் எண்டோகார்டைட்டிஸ் அரிது. என்றாலும் அந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது எண்டோகார்டைட்டிஸே.

காய்ச்சல் என்று வருகிற அத்தனை பேருக்கும் கல்ச்சர் செய்தால் கட்டுப்படியாகுமா, அதற்குள் நோயாளி என்ன ஆவார் என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் வார்டை நிரப்புவது டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்க ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து. ஆனால் இங்கே கேட்பது எல்லோருக்கும் அல்ல, முதலில் சொன்ன இதய நோயாளிகளுக்கு மட்டும். ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். நிலைமை மோசமென்றால் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடலாம், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுக்கும் அதே டாக்சிசைக்ளின் காக்ஸியெல்லாவையும் கொஞ்சம் அடக்கும். வால்வில் இருக்கும் காக்ஸியெல்லாவை ஒழிக்க அதை ஹைட்ராக்சிகுளோரோகுயினுடன் சேர்த்துக் குறைந்தது 18 மாதம், செயற்கை வால்வென்றால் 24 மாதம் கொடுக்க வேண்டும். ஒரு வார மாத்திரையில் ஜுரம் விட்டது என்று நிறுத்தியவர், மாதங்கள் கழித்து எடை குறைந்து, மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்க வந்து நிற்பார். அப்போது காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம்.

இதெல்லாம் டாக்டர் வேலை, நோயாளிக்கு என்ன தெரியும் என்பது அடுத்த மறுப்பு. கிருமியின் பெயர் தெரிய வேண்டாம். வீட்டில் மாடு, ஆடு உண்டா, அண்மையில் கன்று வீசியதா, பச்சைப் பால் குடித்ததுண்டா என்பதெல்லாம் நோயாளிக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். காக்ஸியெல்லா கல்ச்சர் புட்டியில் வளரவே வளராது. எதிர்ப்பொருள் சோதனையோ பி.சி.ஆர். சோதனையோ தேவை என்று மருத்துவருக்குத் தோன்ற வைப்பது இந்தச் செய்திதான். புருசெல்லா வளரும். ஆனால் ஆய்வகத்தில் அதைக் கையாள்பவரையே தொற்றக்கூடியது என்பதால் அவர்களுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். மாடு மேய்ப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "வீட்டு வேலை" என்று மட்டும் எழுதவைக்கும் பெண்கள் நிறைய. அவர்களை ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பது மருத்துவரின் பொறுப்பு.

சித்தூரில் தொடங்கி, திருப்பதி ரூயா அல்லது ஸ்விம்ஸ் மருத்துவமனை போய், கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் நோயாளியிடம் "என்ன ஊசி போட்டார்கள்?" என்று கேட்டால் "தெரியாது" என்பதே வழக்கமான பதில். இதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. செலவுக்கு, 2007இல் ஆரோக்யஸ்ரீயாகத் தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை எனப்படும் திட்டம் இருக்கிறது. எந்தச் சிகிச்சை அதில் வரும், மாநில எல்லை தாண்டினால் செல்லுமா என்பதை 104 எண்ணிலோ மருத்துவமனையில் இருக்கும் திட்ட உதவியாளரிடமோ போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் புகார் தரலாம். மருத்துவமனைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. ஆனால் ஓர் அபூர்வக் கிருமியைக் கண்டுபிடிக்கத் தவறியது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. கணிப்புப் பிழை வேறு, அலட்சியம் வேறு என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலும் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. செயற்கை வால்வு உள்ளவர் வாரக்கணக்கில் காய்ச்சலோடு வந்தும் ஒருமுறைகூட ரத்தக் கல்ச்சர் எடுக்காமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால், அது கேட்கத் தகுந்த கேள்வி. அப்போதும் கையில் காகிதம் இருந்தால்தான் கேட்க முடியும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாதது. பாலை, சீம்பாலையும் சேர்த்து, காய்ச்சியே குடிப்பது. ஈனும் மாட்டைத் தொடக் கையுறை போடுவது. இளங்கொடியைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பது. வால்வு நோயாளி அந்த வேலைக்கே போகாமல் இருப்பது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசி இலவசம், ஆயுளுக்கு ஒரு தரம் போட்டால் போதும். அது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி. கன்று உதறி ஊசி தன் கையில் குத்திவிட்டால், போடுபவரும் அன்றே மருத்துவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும்.