அண்ணீரகத்துள் இரு உடன்பிறப்புகள்

காரைக்கால் கடலில் சூறைக்காற்று எழுங்கால் மீனவர்தம் நெஞ்சு படபடக்கிறதன்றோ? அப்படபடப்பில் பெரும்பங்கு, சிறுநீரகங்களின் மேலமர்ந்த அண்ணீரகச் சுரப்பியின் உட்பகுதியில் ஊறும் அட்ரினலினுக்கு உண்டு. அதனைப் பிரித்தெடுத்து 1901இல் உலகிற்கு அறிவித்தவர் ஜப்பானிய அறிஞர் தகாமினே.

அவ்வுட்பகுதியின் ஹார்மோன் உயிரணுக்களும் நரம்பு உயிரணுக்களும் கருவின் நரம்பு முகட்டில் தோன்றிய உடன்பிறப்புகள். நரம்பிழையைப் பற்றிச் செல்லும் முன்னணுக்களே பெரும்பாலும் சுரப்பணுக்களாக மாறுவதை 2017இல் எலிகளிடம் கண்டனர். பிறந்தபின்னும் இவ்வளர்ச்சி தொடர்கிறது.

முதிராது தேங்கும் இளவணுக்கள் சில மழலையரிடம் ‘நியூரோபிளாஸ்டோமா’ என்னும் புற்றாகின்றன. சிலரிடம் அது தானே அடங்குவதும் உண்டு. எனினும் அதனை அறிந்துரைக்க வல்லவர் மருத்துவரே. ஆதலின் குழந்தையின் வயிற்றில் கட்டி தென்படின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவது பெற்றோர் கடன்.